கிணறும் கிளினிக் கொப்பியும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டபோது, "மருத்துவம் சம்பந்தமாக, எல்லோருக்கும் பயன்படக்கூடியதாக" என்று மட்டும் சொன்னார். நீரிழிவைப் பற்றியோ குருதி அமுக்கத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அவற்றைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான பழைய மாணவிகள் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறார்கள். நான் சமுதாய மருத்துவம் படித்தவள். ஓர் ஊர் முழுவதையும் ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்க்க எங்களைப் பழக்குவார்கள். ஆகவே ஓர் ஊரின் தண்ணீரிலும் மண்ணிலும் இரசாயனம் கலந்துவிட்டால் அந்த ஊர் மக்களின் உடலுக்கு என்ன நடந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு வருடமும் ஆடி, ஆவணி மாதங்களில் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தோழிகள் எனக்கு அழைப்பெடுப்பார்கள். "பிள்ளைகளோடை வாறம். வீட்டுக் கிணத்துத் தண்ணி குடுக்கலாமோ?" என்று கேட்பார்கள். நாங்கள் துலாவிலும் கப்பியிலும் அள்ளிக் குடித்து வளர்ந்த தண்ணீர் அது. இன்று அதைப் பற்றி ஒரு வைத்தியரிடம் கேட்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாமல் இருப்பது ஏன் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

ஒருவர் கிருமிநாசினியைக் குடித்துவிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் வைத்தியருக்குச் சில நிமிடங்களில் விளங்கிவிடும். மணம், கண்மணி, நாடித்துடிப்பு எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். சிறிது சிறிதாக, பல வருடங்களாக உள்ளே போகும் நஞ்சு அப்படி அல்ல. கை விறைக்கிறது, களைப்பாக இருக்கிறது, கரு தங்கவில்லை, பிள்ளை பேசப் பிந்துகிறது என்று வருவார்கள். இவையெல்லாம் எந்த ஊரிலும், எந்தக் காரணத்தாலும் வரக்கூடியவை. வெளிநோயாளர் பிரிவில் தனியாக இருந்து பார்க்கும் வைத்தியருக்கு, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இது தண்ணீரால் வந்தது என்று சொல்ல வழியில்லை.

சொல்வதானால் மூன்று விடயங்கள் தெரிய வேண்டும். ஒன்று, எந்தப் பொருள், எவ்வளவு, உண்மையில் உடலுக்குள் போனது? இரண்டு, அந்தப் பொருள் போகாத, மற்ற எல்லாவற்றிலும் இவர்களைப் போன்ற இன்னொரு கூட்டத்தில் இந்த நோய் எவ்வளவு? மூன்று, இந்த ஊரிலேயே மாசு கலப்பதற்கு முன்னர் நிலைமை எப்படி இருந்தது? எங்கள் துறையின் ஆய்வு முறைகள் எல்லாவற்றையும் பிழிந்தால் இந்த மூன்று கேள்விகள்தான் மிஞ்சும். உலகத்தில் இவற்றுக்கு விடை தேடிய மூன்று ஊர்களைச் சொல்லி, பிறகு எங்கள் ஊருக்கு வருகிறேன்.

முதலாவது ஊர் ஜப்பானின் தெற்கே கியூசு தீவில் உள்ள மினமாட்டா. மீன்பிடிக் கிராமங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டினம். அங்கே சிஸ்ஸோ என்ற கம்பனியின் தொழிற்சாலை 1932 முதல் அசற்றல்டிகைட்டு என்ற இரசாயனத்தை உற்பத்தி செய்தது. அதற்கு ஊக்கியாக இரசத்தின் சேர்வை ஒன்றைப் பாவித்தார்கள். கழிவுநீர் குடாவுக்குள் போனது. 1950களில் அந்தக் கிராமங்களில் பூனைகள் வலிப்பு வந்து துள்ளித் துள்ளிக் கடலில் விழுந்து செத்தன. ஊர்ச் சனம் அதைப் பூனைகளின் நடன நோய் என்று சொன்னது. 1956 ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி நடக்கவும் பேசவும் முடியாமல் தொழிற்சாலையின் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டாள். சில நாட்களில் அவளுடைய தங்கையும் வந்தாள். மே 1ஆம் திகதி வைத்தியசாலைப் பணிப்பாளர் ஹொசொகாவா, மத்திய நரம்புத் தொகுதியைத் தாக்கும் காரணம் தெரியாத நோய் பரவுகிறது என்று சுகாதாரப் பணிமனைக்கு அறிவித்தார்.

முதலில் தொற்றுநோய் என்றே நினைத்தார்கள். நோய் வந்த வீடுகளுக்குக் கிருமிநீக்கம் செய்தார்கள். அயலவர்கள் விலகினார்கள். கடைக்காரர்கள் அந்த வீட்டாரின் காசைக் கையால் வாங்கத் தயங்கினார்கள். அதே வருட முடிவுக்குள் குமமொட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இது தொற்றுநோய் அல்ல, குடாவின் மீனும் சிப்பியும் வழியாக வரும் பார உலோக நச்சு என்ற முடிவுக்கு வந்தார்கள். 1957இல் உள்ளூர்ச் சுகாதார அதிகாரி ஒருவர் அந்தக் குடாவின் மீனையே பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைகளுக்கு அதே நோய் வந்தது. எந்த உலோகம் என்று தெரியாவிட்டாலும் மீனை நிறுத்தியிருக்க அந்தச் சான்று போதும். நிறுத்தவில்லை. எந்த நஞ்சு என்று நிரூபியுங்கள், பிறகு பார்ப்போம் என்ற நிலையே நீடித்தது.

1959 யூலையில் பல்கலைக்கழகக் குழு அது சேதன இரசம் என்று அறிவித்தது. அதே வருடம், தொழிற்சாலையின் உள்ளேயே, ஹொசொகாவா தாம் செய்துவந்த பூனைப் பரிசோதனையில் 400ஆம் இலக்கப் பூனைக்கு அசற்றல்டிகைட்டுப் பிரிவின் கழிவுநீரை உணவில் கலந்து கொடுத்தார். ஒக்டோபரில் அந்தப் பூனைக்கும் நோய் வந்தது. கம்பனி அந்தப் பெறுபேற்றை வெளியே விடவில்லை. 1970இல் தாம் புற்றுநோயால் படுத்த படுக்கையில் இருந்தபோதுதான் அவர் அதைச் சாட்சியமாகச் சொன்னார். அரசாங்கம் காரணத்தை உத்தியோகபூர்வமாக ஏற்றது 1968 செப்ரெம்பரில். தொழிற்சாலை அந்த உற்பத்தி முறையைக் கைவிட்டுச் சில மாதங்களின் பின்னர். முதல் அறிவித்தலிலிருந்து 12 வருடங்கள். அதற்கிடையில் 1965இல் நீகாட்டாவிலும், வேறொரு கம்பனியின் கழிவால், இதே நோய் வந்துவிட்டது.

மினமாட்டாவில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது தாய்மாரின் கதை. அந்தக் கிராமங்களில் பிறவியிலேயே கை கால் முடங்கி, பேச முடியாத பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு மூளைவாதம் என்று வைத்தியர்கள் எழுதினார்கள். காரணம் எளிது. அந்தப் பிள்ளைகள் மீன் சாப்பிட்டதில்லை. தாயின் உடலில் நஞ்சு இருந்தாலும் சூல்வித்தகம் அதைத் தடுத்துக் கருவைக் காக்கும் என்று அக்கால மருத்துவம் நம்பியது. ஹரடா மசசுமி என்ற இளம் வைத்தியர் அந்த வீடுகளுக்கு நடந்து போனார். ஒரு வீட்டில் இரண்டு சகோதரர்கள். இருவருக்கும் ஒரே மாதிரியான அறிகுறிகள். மூத்தவனுக்கு மினமாட்டா நோய், இளையவனுக்கு மூளைவாதம் என்றார்கள். ஏன் என்று கேட்டார். இளையவன் மீன் சாப்பிடவில்லையாம், வைத்தியர்கள் அப்படித்தான் சொன்னார்கள் என்று தாய் சொன்னார். ஆனால் மீன் சாப்பிட்டது தான் என்றும், தன் வயிற்றில் இருந்த பிள்ளை அந்த நஞ்சை வாங்கிக்கொண்டது என்றும் அந்தத் தாய்க்கு ஐயமே இருக்கவில்லை. பாடப்புத்தகம் பிழை, தாய் சரி. 1962இல், இறந்துபோன பிள்ளையொன்றின் பிரேத பரிசோதனைக்குப் பின்னர், 16 பிள்ளைகளுக்கு அது பிறவியில் வந்த மினமாட்டா நோய் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இருந்தாலும் பழைய வருடங்களில் எவ்வளவு நஞ்சு கருவுக்குள் போனது என்பதை எப்படி அளப்பது? அந்த நேரம் குருதி எடுத்து வைத்தவர் யாரும் இல்லை. விடை வீடுகளுக்குள்ளேயே இருந்தது. பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்து, சிறிய மரப்பெட்டியில் பெயரும் பிறந்த திகதியும் எழுதி வைத்திருப்பது ஜப்பானியக் குடும்பங்களின் வழக்கம். ஹரடாவும் நிஷிகாக்கியும் அந்தக் கொடிகளைத் தாய்மாரிடம் கேட்டு வாங்கி, அவற்றில் மெதைல் இரசத்தை அளந்தார்கள். 1975இல் அது வெளியானது. தொழிற்சாலையின் உற்பத்தி ஏறிய வருடங்களில் பிறந்த பிள்ளைகளின் கொடியில் இரசமும் ஏறியிருந்தது. உற்பத்தி இறங்க அதுவும் இறங்கியது. பாசத்துக்காக வைத்திருந்த ஒன்று அளவீடாக மாறியது. எங்கள் துறையில் இதைவிட என்னை ஆழமாகத் தொட்ட ஆய்வு வேறில்லை.

இரண்டாவது ஊர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பிளின்ற். 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக அந்த நகரின் குடிநீரை பிளின்ற் ஆற்றுக்கு மாற்றினார்கள். அந்த ஆற்று நீர் குழாய்களை அரிக்கக்கூடியது. அரிப்பைத் தடுக்கும் இரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் கரைந்து வீடுகளுக்குள் வந்தன. நிறமும் மணமும் மாறிய தண்ணீரைப் போத்தல்களில் கொண்டுவந்து தாய்மார் கூட்டங்களில் காட்டினார்கள். தண்ணீர் பாதுகாப்பானது என்றே அதிகாரிகள் சொல்லி வந்தார்கள். ஈயத்துக்கு மணமில்லை, நிறமில்லை. ஆனால் சிறுபிள்ளையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

மோனா ஹன்னா-அற்றிஷா என்ற பிள்ளை மருத்துவர் புதிதாக ஒருவரிடமும் குருதி எடுக்கவில்லை. தமது வைத்தியசாலையில் ஏற்கெனவே வழமைப்படி பிள்ளைகளுக்குச் செய்து வைத்திருந்த ஈயப் பரிசோதனைப் பெறுபேறுகளை எடுத்தார். தண்ணீர் மாறுவதற்கு முந்திய 2013ஆம் ஆண்டின் மாதங்களையும், மாறிய பின்னான 2015ஆம் ஆண்டின் அதே மாதங்களையும் ஒப்பிட்டார். கூடிய ஈயம் உள்ள ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 2.4 வீதத்திலிருந்து 4.9 வீதமாகக் கூடியிருந்தார்கள். தண்ணீர் மாறாத, நகருக்கு வெளியே உள்ள பிள்ளைகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2015 செப்ரெம்பரில் அவர் இதை வெளியிட்டபோது மாநில அதிகாரிகள் மறுத்தார்கள். சில நாட்களில் தங்கள் எண்களை மறுபடி பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். ஒக்டோபரில் தண்ணீர் பழையபடி மாற்றப்பட்டது. மினமாட்டாவில் 12 வருடம் எடுத்தது. இங்கே ஆய்வு தொடங்கிச் சில வாரங்களில் முடிவு தெரிந்தது. அந்த வைத்தியரின் துணிவு பெரிது. அதோடு, யாரும் தேவைப்படும் என்று நினைக்காத காலத்தில் யாரோ ஒரு தாதி ஒழுங்காகப் பதிந்து வைத்த எண்கள் அவருடைய கையில் இருந்தன.

மூன்றாவது, அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா, ஓகாயோ மாநிலங்களின் எல்லையில், ஓகாயோ ஆற்றோரம். ஒட்டாத சட்டிகளுக்குப் பூசும் ரெப்லோன் உங்கள் எல்லோர் குசினியிலும் இருக்கும். அதன் உற்பத்தியில் பாவித்த, சுருக்கமாக சி8 என்று சொல்லப்படும் இரசாயனம் டியூபொன்ற் தொழிற்சாலையிலிருந்து ஆறு குடிநீர் விநியோகப் பிரதேசங்களில் கலந்தது. மக்கள் வழக்குப் போட்டார்கள். சமரசத்தில் கிடைத்த பணத்தில் பெரும் பகுதியைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துவிடாமல் ஓர் ஆய்வுக்கு ஒதுக்கினார்கள். கேள்விக்கொத்தை நிரப்பிக் குருதி கொடுத்தவர்களுக்குத் தலா 400 டொலர். 2005, 2006இல் ஒரு வருடத்துக்குள் 69,000 பேர் வந்தார்கள். இரு தரப்பும் ஏற்ற மூன்று நோய்ப்பரவலியல் நிபுணர்கள் பல வருடங்கள் ஆராய்ந்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட நோய்களைப் பார்த்து, ஆறு நோய்களோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012 அளவில் முடிவு சொன்னார்கள். சிறுநீரகப் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய், தைரொயிட் நோய், குடல் அழற்சி நோய் ஒன்று, கர்ப்பகால உயர் குருதி அமுக்கம், கூடிய கொலஸ்ரரோல் என்பனவே அவை. மற்றவற்றோடு தொடர்பு காணவில்லை என்றும் சொன்னார்கள். அந்த இரண்டாவது வசனமும் முக்கியம். நேர்மையான ஆய்வு பயத்தைக் கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டும், குறைக்க வேண்டிய இடத்தில் குறைக்கும்.

இனி எங்கள் ஊர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடல் உப்புநீரின் மேலே நன்னீராகத் தங்கி நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். மேலே எதை ஊற்றினாலும் தடுத்து வடிகட்ட ஆழமான மண் பல இடங்களில் இல்லை. வெடிப்புகள் வழியே தண்ணீர் எப்படி ஓடும் என்று மேலே நின்று பார்த்துச் சொல்லவும் முடியாது. பக்கத்துக் கிணறு நன்றாக இருக்க, தள்ளியுள்ள கிணறு கெட்டுப்போகலாம். மாரியில் ஒரு மாதிரி, கோடையில் இன்னொரு மாதிரி இருக்கலாம்.

சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் தண்ணீர் அள்ளிய பெண்கள்தான் முதலில் கண்டார்கள். வாளியில் வானவில் நிறத்தில் படலம். தேநீரில் எண்ணெய் மணம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பரிலிருந்து 2014 யூலை வரை அந்தப் பகுதியில் 150 கிணறுகளைச் சோதித்தது. 109 கிணறுகளில், அதாவது 73 வீதமானவற்றில், எண்ணெயும் கிறீசும் குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருந்தன. பவுசரில் தண்ணீர் வந்தது. வீதியோரங்களில் தாங்கிகள் வைத்தார்கள். 2015 தொடக்கத்தில் நீதிமன்ற உத்தரவோடு அங்கிருந்த தனியார் மின்னுற்பத்தி நிலையம் நிறுத்தப்பட்டது. அதே காலத்தில் மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, ஆபத்தான மாசு இல்லை என்ற கருத்தில் அறிக்கை கொடுத்தது. ஒரு சாரார் குடிக்காதே என்றார்கள், இன்னொரு சாரார் குடிக்கலாம் என்றார்கள். கைக்குழந்தையோடு கிணற்றடியில் நின்ற தாய் யாரை நம்புவது?

இதில் எல்லோருக்கும் விளங்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். "எண்ணெயும் கிறீசும்" என்ற சோதனை ஒரு மொத்தக் கணக்கு. குறிப்பிட்ட கரைப்பானில் கரையும் எதுவும் அதில் சேரும். எரிபொருள், இயந்திர எண்ணெய், விலங்குக் கொழுப்பு, சமையல் எண்ணெய் எல்லாம் ஒரே எண்ணுக்குள் வந்துவிடும். புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் போன்றவற்றைத் தேடுவது வேறு சோதனை. பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். நச்சு உலோகங்களுக்கு இன்னொரு சோதனை. ஒரு சோதனையில் மாசு உண்டு என்பதும், வேறொரு சோதனையில் இந்த நஞ்சு அகப்படவில்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஆனால் அகப்படவில்லை என்பதை ஆபத்தில்லை என்று மொழிபெயர்த்து மைக்கில் சொல்லிவிடக் கூடாது. எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில், எதைத் தேடினீர்கள், எதைத் தேடவில்லை என்று கேட்கும் உரிமை அந்தத் தாய்க்கு உண்டு.

தென்னிலங்கையைச் சேர்ந்த சுற்றாடல் செயற்பாட்டாளர் ரவீந்திர காரியவசம் இந்த மக்களுக்காக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசாக்கியவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்று, 500 வரையான கிணறுகளைத் துப்புரவாக்கத் தலா 40,000 ரூபா வீதம், மொத்தம் 2 கோடி ரூபா கொடுக்குமாறு நீதிமன்றம் அந்தக் கம்பனிக்கு உத்தரவிட்டது. இலங்கையின் சுற்றாடல் சட்டத்தில் இது முக்கியமான தீர்ப்பு. சட்டம் படிக்கும் தங்கைகள் அதை முழுமையாக வாசிக்க வேண்டும்.

நீதிமன்றம் கிணற்றைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. உடலைப் பற்றிச் சொல்லும் வேலை எங்களுடையது. அங்கேதான் நான் முன்னே சொன்ன மூன்று கேள்விகளும் வந்து நிற்கின்றன. மாசுக்கு முன்னர் அந்தக் கிணறுகள் எப்படி இருந்தன? வழமையாகக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தவர்கள் கிருமியையும் உப்பையும்தான் பார்த்தார்கள். எண்ணெயை யார் தேடுவார்? இது பழைய எண்ணெயா, புதிய எண்ணெயா என்ற வாதம் இவ்வளவு நீண்டதற்கு ஒரு காரணம், முன்னர் அளந்து எழுதிய ஏடு கையில் இல்லாதது. எந்த வீட்டில் யார், எத்தனை மாதம், எந்தக் கிணற்றில் குடித்தார்கள்? கிணறு நாறியதும் சிலர் போத்தல் தண்ணீர் வாங்கினார்கள், சிலர் வீடு மாறினார்கள், சிலர் வசதியில்லாமல் அதையே குடித்தார்கள். அதை அந்த நேரத்திலேயே எழுதினால்தான் உண்டு. பத்து வருடம் கழித்துக் கேட்டால் யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது.

அவசரப்பட்டு முடிவு சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது. வடமத்திய மாகாணத்தில் 1990கள் முதல் பேசப்படும் சிறுநீரக நோயைப் பாருங்கள். வயலில் வேலை செய்யும் குடும்பத் தலைவர்கள் நாற்பது, ஐம்பது வயதில் குருதி சுத்திகரிப்புக்குப் போகிறார்கள். தண்ணீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, கட்மியம், ஆசனிக்கு, பீடைநாசினி, வெயிலில் உடல்நீர் வற்றுதல் என்று பலவும் காரணமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. எல்லோரும் ஏற்கும் ஒரு காரணம் இன்னும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பொருளைக் குற்றவாளியாக அறிவித்துக் கூச்சல் போட்டு, பிறகு மறந்துபோனதால் அந்த விவசாயிகளுக்கு ஒரு பயனும் வரவில்லை.

சுன்னாகம் செய்தியானது எண்ணெய்க்கு மணம் இருந்ததால். எங்கள் கிணறுகளில் மணமில்லாத ஒன்றும் இருக்கிறது. அது நைத்திரேற்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் போடும் யூரியா, மாட்டெரு, வீட்டு மலசலகூடக் குழிகளின் ஊறல் எல்லாம் அந்தச் சுண்ணாம்புக்கல் வழியே இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அதைவிடக் கூட இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் குருதி ஒட்சிசனைக் காவும் வலு குறைந்து, பிள்ளை நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றுப் போகாது. தண்ணீர் ஆவியாக அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஆகவே என்னிடம் கேட்கும் தோழிகளுக்கு நான் சொல்வது இதுதான். கிருமிக்கும் நைத்திரேற்றுக்கும் கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள். சோதிக்கும்வரை கைக்குழந்தைக்கு அதில் மாப்பால் கரைக்க வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் இந்தப் பயமே இல்லை.

பழைய மாணவிகளாகிய நாங்கள் என்ன செய்யலாம்? நான்கு விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, எங்கள் பாடசாலைக் கிணற்றுக்கு ஒரு கொப்பி. வருடத்தில் இரண்டு தரம், மாரி முடிந்தும் கோடை முடிவிலும், தண்ணீரை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துச் சோதிப்போம். பெறுபேற்றை உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவிகள் கொப்பியில் பதியட்டும். அது நூலகத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். சங்கத்தின் வெளிநாட்டுக் கிளைகள் மண்டபத்துக்கும் விளையாட்டரங்குக்கும் தாராளமாகத் தந்திருக்கின்றன. இதற்கு ஆகும் செலவு அவற்றோடு பார்க்கையில் மிகச் சிறிது. பத்து வருடம் தொடர்ந்து பதிந்த ஒரு கிணறு இந்தக் குடாநாட்டில் எவ்வளவு பெறுமதியானது என்பதை எந்த ஆய்வாளரிடமும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, உங்கள் வீட்டுக் கிணற்றுச் சோதனை அறிக்கைகளை எறியாதீர்கள். காணி உறுதியோடு ஒன்றாக வையுங்கள்.

மூன்றாவது, கிளினிக் கொப்பிகள். எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பதிவேடு எழுதித் தருகிறார்கள். பிறந்த நிறை, வளர்ச்சி, ஊசி எல்லாம் அதில் இருக்கும். பல நாடுகளில் இல்லாத செல்வம் இது. எங்கள் தலைமுறையில் பலருடையவை 1995 இடப்பெயர்விலும் பிறகு வந்த இடப்பெயர்வுகளிலும் போய்விட்டன. இனிப் பிறக்கும் பிள்ளைகளுடையவையாவது இருக்கட்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் அதை எறியாமல், முடிந்தால் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தோம் என்பதையும் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். ஜப்பானியத் தாய்மாரின் அந்த மரப்பெட்டி எங்களிடம் இந்தக் கொப்பி வடிவில் இருக்கிறது.

நான்காவது, தண்ணீரில் மணமோ படலமோ கண்டால் அன்றைய திகதியை எழுதுங்கள். சுத்தமான கண்ணாடிப் போத்தலில் எடுத்து வையுங்கள். எண்ணெய் பிளாஸ்ரிக்கில் ஒட்டிக்கொள்ளும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இன்றைய மாணவிகளுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவத்துக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சத்திர சிகிச்சை நிபுணராக வாருங்கள், மகிழ்ச்சி. ஆனால் இந்த நிலத்தின் தண்ணீரை அளக்க இரசாயனவியலாளர் வேண்டும், எண்களைக் கணக்கிடப் புள்ளிவிபரவியலாளர் வேண்டும், வழக்காடச் சட்டத்தரணி வேண்டும், வீடு வீடாகப் போய்த் தாய்மார் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுத ஒருவர் வேண்டும். ஹரடா வைத்தியர் செய்ததில் பெரும் பகுதி அந்தக் கடைசி வேலைதான்.

நாங்கள் படித்த 90களில் மின்சாரம் இல்லை. இரசாயன ஆய்வுகூடத்தில் போத்தல்கள் அரைவாசி வெறுமை. இருந்தும் செய்முறைக் கொப்பியில் திகதி போடாமல், அலகு எழுதாமல் ஓர் அளவீட்டைக் கொண்டுபோனால் எங்கள் ரீச்சர் கையெழுத்து வைக்க மாட்டார். என்ன அளந்தாய், எப்போது அளந்தாய், எதோடு ஒப்பிட்டாய் என்று கேட்பார். நான் பின்னர் படித்த பெரிய பாடங்கள் எல்லாம் அந்த மூன்று கேள்விகளின் விரிவுதான். அதற்காக இந்தப் பாடசாலைக்கும், இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியைகளுக்கும், மறைந்துபோன ஆசிரியைகளுக்கும் எனது நன்றி.

நூற்றாண்டைக் காணும் எங்கள் பாடசாலை நீடூழி வாழ வேண்டும். அடுத்த மாரி முடிந்ததும் அந்தக் கிணற்றுக் கொப்பியின் முதல் பக்கத்தை எழுதத் தொடங்குவோம். சங்க நிர்வாக சபை இதைத் தனது அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன். முதலாவது சோதனைக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.